பரிசு படத்துக்கா, சாட்சியத்துக்கா?

ஆண்டின் கடைசி மாதங்கள் பிறந்ததும் வனவிலங்கு ஒளிப்படப் போட்டிகளின் முடிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியாகத் தொடங்கிவிடுகின்றன. பாய்கின்ற சிறுத்தை, பனித்துளி சுமந்த தும்பி, குட்டியை அணைத்து நிற்கும் தாய் யானை என்று பரிசு பெற்ற படங்கள் முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் உலகைச் சுற்றிவருகின்றன. கனடாவிலும் லண்டனிலும் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கின்ற நண்பர்கள் அவற்றை எனக்கும் அனுப்பிவைக்கிறார்கள். "எவ்வளவு அழகு!" என்ற ஒற்றை வரியைத் தவிர அவற்றுடன் வேறெதுவும் வருவதில்லை. எங்கே எடுத்தது, எப்படி எடுத்தது, எடுத்த பின்னர் அந்த விலங்குக்கு என்ன நேர்ந்தது என்று அனுப்புபவரும் கேட்பதில்லை, பெறுபவரும் கேட்பதில்லை. பரிசு கொடுப்பவர்களிலும் பலர் கேட்பதில்லை என்பதே வருந்தத்தக்கது.

எனது நிலைப்பாட்டை முதலிலேயே கூறிவிடுகிறேன். வனவிலங்கு ஒளிப்படம் என்பது ஓவியம் அல்ல, சாட்சியம். 'இந்த உயிர் இந்த இடத்தில் இவ்வாறு இருந்தது' என்று பார்ப்பவனிடம் அது சத்தியம் செய்கிறது. சாட்சியத்துக்கு இரண்டு கடப்பாடுகள் உண்டு. அது நேர்மையான வழியில் பெறப்பட்டிருக்கவேண்டும். சொல்லவேண்டிய உண்மையை மறைக்காமல் இருக்கவேண்டும். இவ்விரண்டையும் பரிசோதிக்காமல் வர்ணத்தையும் வெளிச்சத்தையும் மாத்திரம் பார்த்துப் பரிசு கொடுக்கின்ற போட்டியை அழகுராணிப் போட்டி என்று அழைக்கலாமே தவிர, இயற்கையைக் காப்பதற்கான முயற்சி என்று அழைக்கமுடியாது. மனிதனும் விலங்கும் ஒரே குளத்தில் நீர் அருந்துகின்ற எமது தெற்காசியப் பிராந்தியத்தில் இது வெறும் இரசனை சம்பந்தப்பட்ட பிரச்சினையும் அல்ல. உயிர்கள் சம்பந்தப்பட்ட பிரச்சினை.

இத்தகைய போட்டிகளில் மிகவும் பழமையானதும் புகழ்வாய்ந்ததும் 'ஆண்டின் சிறந்த வனவிலங்கு ஒளிப்படக் கலைஞர்' என்ற பெயரில் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்துகின்ற போட்டியாகும். 1965 ஆம் ஆண்டில் 'அனிமல்ஸ்' என்ற சஞ்சிகை அதை ஆரம்பித்தபோது வந்துசேர்ந்த படங்கள் சில நூறு மாத்திரமே. ஆந்தையொன்றைப் படம்பிடித்தவருக்கு அந்த முதலாவது பரிசை டேவிட் அட்டன்பரோ வழங்கினார். 2025 ஆம் ஆண்டில் அதே போட்டிக்கு 60,000 க்கும் அதிகமான படங்கள் வந்தன. அன்று ஒரு சுருள் பிலிமில் 36 படங்களுக்கு மேல் எடுக்கமுடியாது. ஒவ்வொரு தடவை விசையை அழுத்தும்போதும் யோசிக்கவேண்டியிருந்தது. இன்று ஒரு விநாடிக்குள் 20 படங்கள். விசையை அழுத்துவதற்குச் செலவில்லை என்றாகிவிட்ட பிறகு எல்லோரிடமும் அழகான படம் இருக்கிறது. எல்லோரிடமும் அழகு இருக்கும்போது பரிசுக்காக எதைத் தேடுவார்கள்? இன்னும் நெருக்கம், இன்னும் அபூர்வம், இன்னும் அதிசயம். அந்தத் தேடலுக்கான விலையைச் செலுத்துவது கமெராவுக்கு முன்னால் நிற்கின்ற வாயில்லாச் சீவனே.

இவ்விடத்தில் எமது பிராந்தியத்தின் போட்டியொன்றை எடுத்துக்கொள்வோம். மும்பையில் இருந்து வெளிவருகின்ற 'சாங்சுவரி ஏசியா' சஞ்சிகை 1981 ஆம் ஆண்டில் பிட்டு சேகல் என்பவரால் ஆரம்பிக்கப்பட்டது. புலிகளையும் காடுகளையும் காப்பதற்கான பிரசாரத்தில் இந்தியாவில் அதற்கென்று ஓர் இடமுண்டு. அது நடத்துகின்ற வனவிலங்கு ஒளிப்படப் போட்டியின் 2017 ஆம் ஆண்டுக்கான முதற்பரிசு ஒரு புலிக்கோ பறவைக்கோ கிடைக்கவில்லை. மேற்கு வங்காளத்தின் பாங்குரா மாவட்டத்தில் பிப்லாப் ஹஸ்ரா என்ற ஒளிப்படக் கலைஞர் எடுத்த படத்துக்கே கிடைத்தது. அதற்கு அவர்கள் சூட்டியிருந்த தலைப்பு 'நரகம் இங்கேதான்' என்று பொருள்படுவது.

அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஒரு பெண் யானையும் அதன் குட்டியும் வீதியைக் கடந்து ஓடுகின்றன. அவற்றைச் சுற்றிலும் தீப்பொறிகள். தாரில் தோய்த்துக் கொளுத்தப்பட்ட உருண்டைகளையும் பட்டாசுகளையும் ஒரு கூட்டம் எறிந்திருக்கிறது. தாயின் பின்னால் ஓடுகின்ற குட்டியின் உடலை நெருப்பு தொட்டுக்கொண்டிருக்கிறது. பின்னணியில் மனிதர்கள் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறார்கள். அழகு என்று சொல்வதற்கு அந்தப் படத்தில் எதுவுமே இல்லை. அதற்கு முதற்பரிசு கொடுத்ததுதான் வனவிலங்கு ஒளிப்படப் போட்டியொன்று எமது பிராந்தியத்தில் செய்த மிகவும் துணிச்சலான காரியம் என்பது எனது அபிப்பிராயம்.

அந்த முடிவை விமர்சித்தவர்களும் இருந்தார்கள். இது இயற்கை ஒளிப்படம் அல்ல, செய்திப் படம் என்பது அவர்களின் வாதம். பத்திரிகைத்துறையில் வயது முதிர்ந்துபோன எனக்கு அந்த வாதம் வினோதமாகத் தெரிகிறது. செய்தி என்பது இயற்கைக்கு வெளியே நடப்பதா? இந்தியாவிலும் இலங்கையிலும் ஒரு யானையின் வாழ்க்கையில் நெருப்பும் வெடியும் மின்வேலியும் ரயில் தண்டவாளமும் அன்றாடம் உண்டு. அவற்றை நீக்கிவிட்டு எடுக்கப்படுகின்ற யானைப் படம்தான் பாதி உண்மை. பாதி உண்மையை ஒரு பத்திரிகை அச்சிட்டால் அதைத் திரிபு என்கிறோம். ஒளிப்படக்காரர் செய்தால் மாத்திரம் அதைக் கலை என்று எவ்வாறு சொல்லமுடியும்?

அந்தப் படத்துக்குப் பின்னாலுள்ள கதையையும் வாசகர்கள் அறிந்துகொள்வது அவசியம். ஜார்க்கண்ட் மாநிலத்தின் தால்மா மலைக்காடுகளில் இருந்து யானைக் கூட்டங்கள் நெல் விளைகின்ற காலத்தில் தெற்கு வங்காளத்தின் மாவட்டங்களுக்குள் வருவது கடந்த நூற்றாண்டின் எண்பதுகளில் இருந்து வழமையாகிவிட்டது. சுரங்கங்களாலும் வீதிகளாலும் காடுகள் துண்டுதுண்டாகிப் போயின. வயலோ காட்டின் வாசலுக்கே வந்துவிட்டது. யானைகளை விரட்டுவதற்குத் தீப்பந்தங்களுடன் செல்கின்ற 'ஹுல்லா' குழுக்கள் அங்கே உருவாகின. இரும்புக் கம்பியின் நுனியில் எரிகின்ற துணியைச் சுற்றிக்கொண்டு போவார்கள். காலப்போக்கில் விரட்டுவது வேட்டையாகவும் வேடிக்கையாகவும் மாறிப்போனது. படம் பரிசு பெற்ற மறு ஆண்டில், 2018 ஆகஸ்டில், இந்திய உச்ச நீதிமன்றம் தீயுருண்டைகளையும் இரும்புக் கூர்களையும் கொண்டு யானைகளை விரட்டுவதற்கு எதிராக உத்தரவு பிறப்பித்தது. அந்தப் படத்தினால்தான் உத்தரவு வந்தது என்று நான் உரிமை கோரவில்லை. வழக்குத் தொடுத்தவர்கள் வேறு, அவர்களின் உழைப்பு வேறு. ஆனால், நீதிமன்றத்தில் பேசப்பட்ட கொடுமை எப்படியிருக்கும் என்பதை நாடு அதற்கு முன்னரே கண்ணால் பார்த்திருந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

அதற்குப் பிறகும் கொடுமை நின்றுவிடவில்லை. 2024 ஆகஸ்டில் அதே மாநிலத்தின் ஜார்கிராம் பகுதியில் பெண் யானையொன்றின் முதுகில் எரிகின்ற இரும்புக் கம்பி பாய்ச்சப்பட்டு அது இறந்துபோனது. ஒரு பரிசினால் ஒரு கொடுமையை ஒழிக்கமுடியாது என்பதை இது காட்டுகிறது. அதனாலேயே அத்தகைய பரிசு ஏழு ஆண்டுகளுக்கு ஒரு தடவை கொடுக்கப்படுகின்ற விதிவிலக்காக இருக்கக்கூடாது. வழமையாக இருக்கவேண்டும் என்கிறேன்.

இனி எமது நாட்டைப் பார்ப்போம். தீயுருண்டைக்குப் பதிலாக எம்மிடம் 'ஹக்கபட்டாஸ்' இருக்கிறது. பூசணிக்காய் போன்ற தீனிக்குள் வெடிமருந்தை மறைத்து வைக்கிறார்கள். காட்டுப்பன்றிக்காக வைக்கப்படுகின்ற அதைக் கடிக்கின்ற யானையின் வாய் சிதறிப்போகிறது. தின்னவும் முடியாமல், குடிக்கவும் முடியாமல் நாட்கணக்கில் அலைந்து சாகிறது. 2011 ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படி இலங்கையில் இருந்த காட்டு யானைகள் 5,879. 2019 ஆம் ஆண்டில் மாத்திரம் 400 க்கும் அதிகமான யானைகள் மடிந்தன. யானைகளால் 120 பேர்வரை உயிரிழந்தார்கள். 2023 ஆம் ஆண்டில் மடிந்த யானைகள் 450 க்கும் மேல்; உயிரிழந்த மனிதர்கள் 160 க்கும் மேல். சிறிய தீவொன்றில் நாளொன்றுக்கு ஒரு யானைக்கும் அதிகமாகவும், இரண்டு மூன்று நாட்களுக்கு ஒரு மனிதராகவும் சாகின்ற போர் இது. பெரும்பாலும் பெயரற்ற போர்.

ஆனால், இலங்கை யானை என்றதும் உலகம் பார்க்கின்ற படம் எது? மின்னேரியாக் குளம் வற்றுகின்ற மாதங்களில் அதன் படுகையில் முளைக்கும் புல்லை மேய்வதற்கு நூற்றுக்கணக்கில் கூடுகின்ற யானைகளின் படம். மாலை வெயில், தூசுப்படலம், தாயின் காலடியில் குட்டி. அந்தக் காட்சி உண்மையானது, அபூர்வமானதும் கூட. அதைக் குறைகூற நான் வரவில்லை. ஆனால், அங்கிருந்து வெகுதூரத்தில் இல்லாத ஹபரணைப் பகுதியில் 2025 பெப்ரவரி 20 அதிகாலை பயணிகள் ரயிலொன்று யானைக் கூட்டத்தின் மீது மோதியதில் ஆறுக்குக் குறையாத யானைகள் மடிந்தன. ரயில் பெட்டிகளும் தடம்புரண்டன. ஒரே வட்டாரத்தின் இரண்டு படங்கள் இவை. ஒன்று உல்லாசப் பயணத்துறையின் நாட்காட்டிக்குப் போகிறது. மற்றையது ஒருநாள் செய்தியாகி மறைகிறது. எது வனவிலங்குப் படம் என்று போட்டி நடத்துபவர்கள் தீர்மானிக்கும்போது, எந்தப் படம் நினைவில் நிற்கவேண்டும் என்பதையும் அவர்களே தீர்மானிக்கிறார்கள்.

அம்பாறையின் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டையும் இங்கே நினைவுபடுத்தவேண்டும். பிளாஸ்டிக் பைகளைக் கிளறி உணவு தேடுகின்ற யானைகளை யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஒளிப்படக் கலைஞர் தர்மபாலன் திலக்சன் 2020 ஆம் ஆண்டில் ஆவணப்படுத்தினார். அந்தப் படங்கள் பல நாடுகளின் ஊடகங்களில் வெளிவந்தன. அந்தக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்று எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் இறந்துபோனதாக 2022 ஜனவரியில் செய்தி வெளியானது. யானையின் கம்பீரத்தை அல்ல, எமது வெட்கத்தைப் படம்பிடித்தார் அந்த இளைஞர். எமக்குத் தேவையானது அந்தக் கண்தான்.

சாட்சியம் எதைச் சொல்லவேண்டும் என்பது பற்றி இதுவரை பேசினேன். அது எவ்வாறு பெறப்படுகிறது என்பது அடுத்த கேள்வி. லண்டன் போட்டியில் 2009 ஆம் ஆண்டின் முதற்பரிசு இரவு வேளையில் மரப்படலை ஒன்றைத் தாண்டிப் பாய்கின்ற ஓநாயின் படத்துக்குக் கிடைத்தது. சில வாரங்களில் சந்தேகம் கிளம்பியது. ஸ்பெயினில் உள்ள விலங்குப் பூங்காவொன்றைச் சேர்ந்த, பழக்கப்பட்ட ஓநாயாகவே அது இருக்கவேண்டும் என்ற முடிவுக்கு நடுவர்கள் வந்து, 2010 ஜனவரியில் பரிசைப் பறித்தார்கள். படத்தை எடுத்தவர் குற்றச்சாட்டை மறுத்தார். 2017 ஆம் ஆண்டிலும் அதே போட்டியில் இன்னொரு விவகாரம். பிரேசில் நாட்டின் எமாஸ் தேசிய பூங்காவில் ஒளிரும் புழுக்கள் நிறைந்த கறையான் புற்றை நாடி வருகின்ற எறும்புதின்னியின் படத்துக்கு ஒரு பிரிவில் பரிசு கிடைத்தது. பூங்காவின் வாயிலில் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்த, பதப்படுத்தப்பட்ட எறும்புதின்னியும் படத்தில் இருப்பதும் ஒன்றே என்று ஐந்து விஞ்ஞானிகள் ஆராய்ந்து கூறியதையடுத்து 2018 ஏப்ரலில் அந்தப் பரிசும் பறிக்கப்பட்டது. அந்தக் கலைஞரும் மறுத்தார்.

அசல் கோப்பைச் சமர்ப்பிக்குமாறு கேட்டால் போதும் என்று நினைப்பவர்களுக்கு எறும்புதின்னியின் கதை ஒரு பாடம். கணினியில் செய்யப்படுகின்ற மோசடியை அசல் கோப்பு காட்டிக்கொடுக்கும். கமெராவுக்கு முன்னால் செய்யப்படுகின்ற மோசடியை அது காட்டிக்கொடுக்காது. உயிரற்ற விலங்கின் முன்னால் வைத்தாலும் கமெரா தன் வேலையை நேர்மையாகவே செய்யும். ஆகவே, கோப்பை மாத்திரமல்ல, அதை எடுத்த மனிதனையும் விசாரிக்கவேண்டும்.

மோசடியை விடவும் பரவலானது கொடுமை. கூட்டில் இருக்கின்ற குஞ்சுகள் தெளிவாகத் தெரியவேண்டும் என்பதற்காகச் சுற்றியிருக்கும் இலைகளையும் கிளைகளையும் ஒதுக்கிவிடுகிறார்கள். படம் எடுத்து முடிந்ததும் வெயிலுக்கும் காகத்துக்கும் அந்தக் குஞ்சுகள் திறந்துவிடப்பட்டவையாகின்றன. ஒலிநாடாவில் இணையின் குரலை ஒலிக்கச்செய்து பறவையை வெளியே வரவழைக்கிறார்கள். தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டதாக நினைத்து அந்தப் பறவை இரை தேடுவதையும் கூட்டைக் காப்பதையும் விட்டு வெறும் சத்தத்துடன் சண்டைக்கு நிற்கிறது. வட அமெரிக்காவில் பனி ஆந்தையை வரவழைப்பதற்காகக் கடையில் வாங்கிய எலிகளை எறிகிறார்கள். தவளையையும் ஓணானையும் குளிரூட்டிச் செயலிழக்கச்செய்து வேண்டிய விதத்தில் இருத்திப் படம் எடுப்பவர்கள் உண்டு. இலையைக் குடையாகப் பிடித்திருக்கும் தவளையைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். எந்தத் தவளையும் குடை பிடிப்பதில்லை என்பது எமக்குத் தோன்றுவதில்லை.

யாலவுக்குப் போய்வந்தவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. சிறுத்தைகள் செறிந்து வாழ்கின்ற அதன் முதலாம் பிரிவுக்குள் விடுமுறை நாட்களில் நூற்றுக்கணக்கான ஜீப்கள் நுழைகின்றன. ஒரு சிறுத்தை மரத்தில் படுத்திருப்பதாகக் கைத்தொலைபேசியில் தகவல் பரவினால் போதும், அத்தனை ஜீப்களும் அந்த மரத்தடிக்கு விரைகின்றன. ஆனால், பரிசுக்கு அனுப்பப்படுகின்ற படத்தில் சிறுத்தை தன்னந்தனியாக, வனத்தின் இராணியாகப் படுத்திருக்கிறது. அதைச் சுற்றி வளைத்து நிற்கின்ற வாகனங்களையும் புகையையும் இரைச்சலையும் சட்டகம் வெளியே தள்ளிவிட்டது. 2022 ஒக்டோபரில் யாலவுக்குள் சொகுசு வாகனங்கள் பாதையை விட்டு விலகித் தாறுமாறாக ஓடியபோது நாடே கொதித்தெழுந்தது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால், பாதையில் நின்றுகொண்டே ஒரு விலங்கின் வழியை மறிக்கின்ற ஐம்பது ஜீப்களின் மீது எமக்கு ஏன் கோபம் வருவதில்லை?

இதே நாட்டில் சிறுத்தையின் இன்னொரு முகமும் உண்டு. 2018 ஜூனில் கிளிநொச்சியின் அம்பாள்குளத்தில் ஊருக்குள் வந்த சிறுத்தையொன்று பத்துப் பேர்வரை காயப்படுத்திய பின்னர் ஊரவர்களால் அடித்துக் கொல்லப்பட்டது. கொன்றவர்கள் அதனுடன் எடுத்துக்கொண்ட படங்களும் காணொளியும் சமூக ஊடகங்களில் பரவியதையடுத்துக் கைதுகள் இடம்பெற்றன. 2020 மே மாதத்தில் மலையகத்தின் லக்ஷபான தோட்டத்தில் கம்பிச் சுருக்கில் சிக்கிய கருஞ்சிறுத்தை சில நாட்களில் உயிரிழந்தது. அதே அபூர்வ உயிரினத்தின் அழகை வியந்து படம் பகிர்ந்தவர்களில் எத்தனை பேர், தோட்டத்தொழிலாளியின் வீட்டுத்தோட்டத்தைக் காட்டுப்பன்றி ஏன் அழிக்கிறது, அங்கே சுருக்கு ஏன் வைக்கப்படுகிறது என்று கேட்டார்கள்?

எனது வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடிய வலுவான கருத்து ஒன்று இருக்கிறது. அதைத் தட்டிக்கழிப்பது நேர்மையாகாது. பாங்குரா படம் யானையைப் பலியாளாகவும் கிராமத்தவனை அரக்கனாகவும் காட்டுகிறது என்பதே அது. உண்மைதான். தீயுருண்டை எறிந்த இளைஞனின் வயல் முந்திய இரவில் என்னவாகியிருந்தது என்பதை அந்தப் படம் சொல்லவில்லை. காவற்பரணில் கண்விழித்திருந்து, விடியும்போது ஓர் ஆண்டின் நெல் மிதிபட்டுக் கிடப்பதைப் பார்க்கின்ற வவுனியா விவசாயியின் முகத்தை, மட்டக்களப்பின் எல்லைக் கிராமத்தில் யானை இடித்த சுவருக்கு முன்னால் நிற்கின்ற தாயின் முகத்தை எந்தப் போட்டியிலும் நான் பரிசு பெறக் கண்டதில்லை. நெடுந்தூரத்தைப் படம்பிடிக்கும் வில்லையொன்றின் விலை அந்த விவசாயியின் பல ஆண்டு வருமானத்துக்குச் சமம். கமெரா யாரிடம் இருக்கிறதோ அவருடைய பார்வையே 'இயற்கை' என்றாகிவிடுகிறது. நகரத்தில் இருந்து வார இறுதியில் வருபவருக்கு யானை ஓர் அனுபவம். கிராமத்தில் இருப்பவருக்கு அது ஒரு அயலவன், சில இரவுகளில் எமன்.

ஆனால், இந்தக் குறைக்குப் பரிகாரம் பாங்குரா போன்ற படங்களை ஒதுக்கிவிட்டு மீண்டும் மாலை வெயிலுக்குத் திரும்புவதல்ல. இன்னும் அதிகமான சாட்சிகளை அழைப்பதே பரிகாரம். எரிகின்ற குட்டியும் வரட்டும். மிதிபட்ட வயலும் வரட்டும். ஒன்றின் பக்கத்தில் மற்றையது நிற்கும்போதுதான் குற்றவாளி யானையும் அல்ல, விவசாயியும் அல்ல, காட்டைத் துண்டாடிவிட்டு இருவரையும் மோதவிட்ட திட்டமிடல் என்பது விளங்கும்.

கலைக்கு விதி எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். பத்திரிகைத்துறை இந்தக் கேள்வியை எப்போதோ கடந்துவிட்டது. 1982 பெப்ரவரி மாத 'நேஷனல் ஜியோகிராபிக்' அட்டையில் எகிப்தின் இரு பிரமிடுகளைக் கணினியின் உதவியுடன் நெருக்கி வைத்ததற்காக அந்தச் சஞ்சிகை இன்றுவரை வாங்கிக்கட்டிக்கொள்கிறது. 2015 ஆம் ஆண்டின் உலகப் பத்திரிகை ஒளிப்படப் போட்டியில் இறுதிக்கு முந்திய சுற்றுக்கு வந்த படங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று, அசல் கோப்புடன் ஒப்பிட்டபோது திருத்தப்பட்டவை என்று கண்டு நிராகரிக்கப்பட்டது. அதனால் பத்திரிகை ஒளிப்படக்கலை செத்துப்போய்விடவில்லை. அதன் மீதான நம்பிக்கைதான் பிழைத்தது. எங்கே, எப்போது, யார், எப்படி என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை இல்லாத படத்தைக் கீழே விளக்கவரி எழுத முடியாத படம் என்று ஒதுக்கிவைப்பது செய்தி அறையின் பால பாடம்.

ஆகவே, எமது பிராந்தியத்தில் இத்தகைய போட்டிகளை நடத்துபவர்களிடம் முன்வைக்கின்ற கோரிக்கைகள் எளிமையானவை. இறுதிச் சுற்றுக்கு வருகின்ற ஒவ்வொரு படத்துடனும் அசல் கோப்பையும், அதற்கு முன்னும் பின்னும் எடுக்கப்பட்ட படங்களையும் கேளுங்கள். விலங்குக்கு இரை வைத்தீர்களா, ஒலி எழுப்பினீர்களா, எத்தனை வாகனங்கள் நின்றன, எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். இடத்தை நடுவர்கள் அறிந்திருக்கட்டும். அரிய உயிரினமாக இருந்தால் வேட்டைக்காரர் அறியாதிருக்க ஊருக்குச் சொல்லாதீர்கள். கூட்டுப் படங்களை ஏற்காதீர்கள். இந்தியாவில் பல இயற்கை ஒளிப்படக் குழுக்கள் இந்த முடிவை ஏற்கெனவே எடுத்துவிட்டன. நடுவர் குழுவில் ஒளிப்படக் கலைஞர்களுக்குப் பக்கத்தில் களத்தில் வேலை செய்கின்ற உயிரியலாளர் ஒருவரையும், பழுத்த செய்தி ஆசிரியர் ஒருவரையும், யானைக் கிராமமொன்றின் விவசாயி ஒருவரையும் இருத்துங்கள். மனிதனும் விலங்கும் மோதுகின்ற படங்களை ஒரு மூலையில் தனிப்பிரிவாக வைக்காமல் முதற்பரிசுக்குரியவையாகக் கருதுங்கள். விண்ணப்பங்களைத் தமிழிலும் சிங்களத்திலும் வங்காளத்திலும் ஏற்றுக்கொள்ளுங்கள். கைத்தொலைபேசியில் எடுத்த படமாக இருந்தாலும் காட்டோரத்துப் பிள்ளையின் சாட்சியம் சாட்சியமே.

இவற்றைச் செய்தால் பங்குபற்றுபவர்களின் எண்ணிக்கை குறையும், அனுசரணையாளர்கள் முகம் சுளிப்பார்கள், பரிசளிப்பு விழா மண்டபத்தில் கரகோஷத்துக்குப் பதிலாக மௌனம் நிலவும். அந்த மௌனத்துக்கு அஞ்சுகின்றவர்கள் பூங்கொத்துப் போட்டி நடத்தட்டும். பாங்குராவின் படத்துக்குப் பரிசு கொடுத்தவர்கள் 2017 இல் அதற்கு அஞ்சவில்லை.

வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை கண்ணைப் பறிக்கின்ற வனவிலங்குப் படமொன்று உங்கள் கைத்தொலைபேசிக்கு வரும்போது, அதை மற்றவர்களுக்கு அனுப்புவதற்கு முன்னர் ஒரு கணம் தரித்து, இதை எடுப்பதற்காக அந்த உயிர் என்ன விலை கொடுத்தது என்று கேளுங்கள். விடை கிடைக்காத படத்தை அனுப்பாதீர்கள். கேள்வி கேட்கின்ற வாசகர்கள் இருந்தால் நேர்மையான பத்திரிகைகள் இருக்கும் என்பது எமது தொழிலில் கண்ட உண்மை. அது காட்டுக்கும் பொருந்தும்.